மதத்தை கிண்டல் பண்ற டாக்குமென்டரி பாத்து நிஜமாவே யாராவது மாறியிருக்கீங்களா?

மழைநாள்வாசி (இழை தொடங்கியவர்)

ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இது. சண்டை இல்லாம பேசுவீங்கன்னு நம்பி இங்க எழுதுறேன்.

2008ல வந்த ரிலிஜுலஸ் படத்தை இங்க நிறைய பேர் பாத்திருப்பீங்க. அமெரிக்க காமெடியன் பில் மார் ஊர் ஊரா போயி பாதிரியார், செனட்டர், நான்தான் திரும்பி வந்த கிறிஸ்துன்னு சொல்லிக்கிறவர்னு எல்லார்கிட்டயும் உக்காந்து, பாம்பு பேசுச்சுன்னு நிஜமாவே நம்புறீங்களான்னு கேக்குற படம். போராட்ங்கிற காமெடிப் படம் எடுத்த லாரி சார்லஸ் தான் டைரக்டர். மதம், கேலிக்கூத்துன்னு ரெண்டு இங்கிலீஷ் வார்த்தைய ஒட்டவச்சு செஞ்ச பேரு அது. நான் முதல்ல பாத்தப்ப எனக்கு 19 வயசு, நம்பிக்கை விட்டுப்போயி ஒரு வருஷம் கூட ஆகல, வீட்டுல யாருக்கும் சொல்லல, ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாய பொத்திக்கிட்டு சிரிச்சேன். தனியா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு சொல்லி புரியவைக்க முடியாது.

போன மாசம் அதே படத்தை அம்மாகூட உக்காந்து பாத்தேன். அம்மா தினமும் ஜெபம் பண்றவங்க. நான் நம்புறது இல்லன்னு இப்ப அவங்களுக்கு தெரியும், அதனால "நீ எதைப் பாத்து மாறினியோ அதை எனக்கும் காட்டு"ன்னு அவங்களே கேட்டாங்க. கோவமே படல. ஆனா ஆரம்பத்துல லாரி டிரைவர்ங்க கும்பிடுற சின்ன சர்ச்சுக்குள்ள மார் போயி கேள்வி கேப்பாரே, அந்த இடத்துல திரும்பிப் பாத்து "அலுப்பா வந்து உக்காந்து கும்பிடுறவங்கள போயி ஏன்டா இவன் வம்பிழுக்குறான், இவனுக்கு யார் மேல கோவம்"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. பத்து வருஷமா எனக்கு சிரிப்பு மட்டுமே வந்த படத்துல அன்னைக்கு ஒரு இடத்துல கூட சிரிக்க முடியல.

அதான் கேக்குறேன். இந்த மாதிரி படங்க நம்புறவங்க கிட்ட ஏதாவது பேசுதா, இல்ல ஏற்கனவே வெளிய வந்துட்ட நமக்குள்ள மட்டும் தானா?

பழைய ரேடியோ

அந்த சர்ச் சீன்ல உங்க அம்மா கேட்டது நியாயம் தான், ஆனா அந்த சீன் முடியிற விதத்தையும் சொல்லணும். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சு போவார், மத்தவங்க எல்லாம் இருந்து பதில் சொல்லுவாங்க, கடைசியில மார சுத்தி நின்னு அவருக்காக ஜெபம் பண்ணுவாங்க. அவரும் மனசார நன்றி சொல்லிட்டு, நீங்க பேருக்கு கிறிஸ்தவங்களா இல்லாம கிறிஸ்து மாதிரியே நடந்துக்கிட்டீங்கன்னு சொல்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுவார். படத்துலயே எனக்கு பிடிச்ச இடம் அது. கிண்டல் பண்ண போன ஆளு கொஞ்சம் இறங்கி வர்றது அங்க மட்டும் தான் தெரியும்.

வெட்டிஒட்டுபவன்

நான் எடிட்டிங்ல இருக்கேன், பதினோரு வருஷமா பேட்டிப் படங்கள் தான் வேலை. அதனால இந்தக் கேள்விய வேற பக்கத்துல இருந்து பாக்குறேன்.

பேட்டி குடுக்குறவர் ஒரு பதில் சொல்றார்னு வைங்க, அதுல பாதிய நான் வெட்டலாம், அவர் யோசிக்க எடுத்த 2 செகண்டை 5 செகண்டா இழுக்கலாம், கேள்வி கேட்டவர் முகத்தை வேற எங்கயோ எடுத்த ஷாட்ல இருந்து கொண்டுவந்து நடுவுல சொருகலாம். பாக்குறவங்களுக்கு தெரியவே தெரியாது. இது எல்லா டாக்குமென்டரியிலயும் கொஞ்சம் கொஞ்சம் நடக்குறது தான், நேர்மையான படத்துலயும் நடக்கும், இல்லன்னா ரெண்டு மணி நேர பேச்சை பத்து நிமிஷமா ஆக்க முடியாது. ஆனா ரிலிஜுலஸ்ல இன்னொன்னு இருக்கு. எதிர்ல இருக்குறவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே பழைய சினிமா துண்டு ஒன்னு வந்து அவர நக்கல் பண்ணும், இல்லன்னா ஸ்கிரீன்ல எழுத்து ஓடி அவர் சொல்றது தப்புன்னு சொல்லும். அந்த எழுத்துக்கு அவர் பதில் சொல்ல முடியாது, ஏன்னா அவர் பேசினப்ப அது அங்க இல்லவே இல்ல. எடிட் ரூம்ல ஆறு மாசம் கழிச்சு வந்த பதில் அது.

நக்கல் பண்றதே தப்புன்னு நான் சொல்லல. ஆளு எதிர்ல இருக்கும்போதே பண்ணு, அவன் திருப்பி அடிக்கட்டும், அதையும் வை. அப்படி வச்சா தான் பாக்குறவன் நம்புவான்.

இதே படத்துல ஜார்ஜ் கோய்ன் வர்ற இடத்தைப் பாருங்க. ஜெசூட் பாதிரியார், 1978ல இருந்து 2006 வரைக்கும் வாடிகனோட வானியல் ஆய்வகத்துக்கு தலைவரா இருந்தவர். வேத புத்தகம் எழுதின காலம் என்ன, நவீன விஞ்ஞானம் பிறந்த காலம் என்ன, ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு நூற்றாண்டு இருக்கும்போது அதுக்குள்ள போயி எப்படி விஞ்ஞானத்தை தேடுவீங்கன்னு நிதானமா சொல்லுவார். அவர பேச விட்டிருப்பாங்க. ஒரு பாதிரியார் ஒரு நிமிஷத்துல சொன்னது அந்தப் படத்தோட மொத்த கிண்டலையும் விட பலமா நிக்குது, அதை வெட்டாம வச்ச எடிட்டருக்கு நான் கை குடுப்பேன்.

நீலப்பூ

எல்லாரும் இந்தப் படங்க நம்புறவங்கள புண்படுத்துதுன்னே பேசுறீங்க. என் பக்கம் இருந்தும் ஒருத்தர் சொல்லணும்ல, அதான் எழுதுறேன்.

எனக்கு ஏழு வயசுல இருந்து நரகத்தைப் பத்தி சொல்லி வளத்தாங்க. சும்மா சொல்றது இல்ல, படம் போட்டு, நெருப்பு, புழு, முடிவே இல்லாத வலின்னு. இருபத்தி மூணு வயசுல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு ஆனா பயம் போகல. இது வெளிய இருக்குறவங்களுக்கு புரியாது. நரகம் இல்லன்னு மூளைக்கு தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்புக்கு தெரியாது. எவ்வளவோ புத்தகம் படிச்சேன், வாதம் எல்லாம் மனப்பாடமா தெரியும், படுத்தா மறுபடியும் அதே நடுக்கம்.

ஒரு நாள் அந்தப் படம் பாத்தேன். பாதிரியார் ரெஜினால்ட் ஃபாஸ்டர்னு ஒருத்தர், வாடிகன்ல போப்போட லத்தீன் கடிதங்கள எழுதுற ஆபீஸ்ல நாப்பது வருஷம் இருந்தவர், செயின்ட் பீட்டர்ஸ் வெளிய நின்னுக்கிட்டு அந்தப் பழைய கதைங்கள எல்லாம் அவரே கையால தள்ளிவிட்டு சிரிப்பார். போப் ஆபீஸ்ல வேலை பாக்குற பாதிரியாரே சிரிக்கிறாரே, அப்ப நானும் சிரிக்கலாம் போலன்னு தோணுச்சு. சிரிச்சேன், அப்புறம் அழுதேன். அன்னைக்கு ராத்திரி தூங்கினேன். ஒரே நாள்ல சரியாகிடல, ஆனா சிரிப்பு வந்த இடத்துல பயம் கொஞ்சம் தள்ளி உக்காந்துச்சு. அதனால கிண்டல் வேணாம்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வருது, மன்னிச்சுக்கோங்க.

மழைநாள்வாசி

நீலப்பூ, மன்னிப்பு எல்லாம் வேணாம்ங்க. இதைத் தான் கேக்கணும்னு இழை ஆரம்பிச்சேன். படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

கிணத்தடி

நான் நம்புறவன். சர்ச்சுக்கு போறவன், இறையியல் கொஞ்சம் படிச்சவன். இந்த மாதிரி படம் எது வந்தாலும் பாப்பேன், ஏன்னா எங்க ஓட்டை இருக்குன்னு எங்க ஆளுங்க சொல்ல மாட்டாங்க.

என் கோவம் கிண்டல் மேல இல்ல, வேலை சுத்தம் இல்லாதது மேல. ரெண்டு இடம் சொல்றேன். முதல்ல ஹோரஸ் விஷயம். எகிப்து கடவுள் ஹோரஸும் கன்னிக்கு பிறந்தார், ஞானஸ்நானம் வாங்கினார், சிலுவையில அறைஞ்சாங்க, உயிர்த்தெழுந்தார், அப்படியே இயேசு கதைன்னு படத்துல எழுத்து ஓடும். எகிப்திய மூலத்துல அப்படி எதுவும் இல்ல. செத்துப்போன புருஷன் ஒசிரிஸோட உடம்ப ஒன்னு சேத்து, அவர் மூலமா ஐசிஸ் கர்ப்பமாகுறாங்க, அப்படித்தான் ஹோரஸ் பிறக்குறார். அது கன்னிப்பிறப்பு கதையே கிடையாது, சிலுவையும் அங்க இல்ல. நம்புறவங்க ஆதாரம் கேக்காம நம்புறாங்கன்னு சொல்றதுக்காகவே எடுத்த படம், இன்டர்நெட்ல சுத்துற வதந்திய சரிபாக்காம போட்டா எப்படிங்க?

ரெண்டாவது, ஆர்லாண்டோவுல இருந்த பைபிள் தீம் பார்க்ல இயேசு வேஷம் போட்ட நடிகர் கிட்ட மார் திரித்துவம் பத்தி, அதாவது பிதா, மகன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிறத பத்தி கேப்பார். அவர் தண்ணி, ஐஸ், நீராவி, மூணும் ஒன்னு தானேன்னு சொல்லுவார், மார் அசந்துபோயி நல்லா இருக்கேன்னு ஒத்துக்குவார். ஆனா அந்த மாதிரி விளக்கத்தை சர்ச்சே ஆரம்ப நூற்றாண்டுகள்லயே தப்புன்னு தள்ளிவச்சிடுச்சு, ஒரே ஆளு மூணு வேஷம் போடுற மாதிரி ஆகிடும்ங்கிறதால. கேட்டவருக்கும் தெரியல, சொன்னவருக்கும் தெரியல. அதே படத்துல மனித மரபணு திட்டத்தை நடத்தின ஃபிரான்சிஸ் காலின்ஸ் இருக்கார், பெரிய விஞ்ஞானி, கடவுள நம்புறவர். அவர்கிட்ட மரபணு பத்தி, பரிணாமம் பத்தி, இதெல்லாம் தெரிஞ்சும் எப்படி நம்புறீங்கன்னு உக்காந்து பேசியிருந்தா எனக்கே அது உதவியா இருந்திருக்கும். ஆனா படத்துல சுவிசேஷம் எழுதினவங்க கண்ணால பாத்தாங்களான்னு கேட்டு ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. ரோட்டுல போற ஒருத்தர நிறுத்தி ஒளியப் பத்தி கேட்டு, அவர் தடுமாறினா இயற்பியலே பொய்னு சொல்ற மாதிரி இருக்கு.

பழைய ரேடியோ

கிணத்தடி அண்ணே, ஹோரஸ் விஷயத்துல முழுசா உங்க பக்கம். ஆனா கடைசி உதாரணத்த ஏத்துக்க முடியல. இயற்பியல் தெரியாதவன் யாரும் இயற்பியல் பேர சொல்லி அடுத்தவன் கல்யாணத்துல, பள்ளிக்கூட பாடத்துல, ஓட்டுல கை வைக்கிறது இல்ல. மதம் இறையியல் படிச்சவங்க கிட்ட மட்டும் இல்லையே, அந்த தீம் பார்க்ல உக்காந்து அழுறவங்க கிட்ட தான் அது வாழுது. அவங்கள கேக்காம யாரைக் கேக்குறது? மார்க் ப்ரையர்னு அந்த செனட்டர், செனட்டுக்கு வர ஐக்யூ டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டியது இல்லன்னு சொல்லிட்டு மாட்டிக்கிட்டு நிப்பாரே, அப்ப சட்டம் போடுற இடத்துல இருந்த ஆளு அவர். அவர்கிட்ட கேக்கணும், அந்த மௌனத்தையும் காட்டணும்.

கிணத்தடி

செனட்டர் சரி தம்பி, ஒத்துக்குறேன். அதிகாரத்துல இருக்குறவர எவ்வளவு வேணா கேளுங்க. லாரி டிரைவர்?

தூரதேசி

இந்தப் பேச்சுல விட்டுப்போனது ஒன்னு. பேட்டி குடுத்தவங்களுக்கு என்ன படம்னே தெரியாது. ஒரு ஆன்மீகப் பயணம்ங்கிற மாதிரி வேற பேர் சொல்லி தான் ஆள் புடிச்சாங்க, மார் வருவார்ங்கிறது உக்காந்த அப்புறம் தான் பல பேருக்கு தெரியும். உண்மைக்காக எடுக்குற படம் பொய்ல ஆரம்பிக்குதேன்னு எனக்கு அப்பவே உறுத்துச்சு.

வெட்டிஒட்டுபவன்

உண்மைய சொன்னா கதவை தொறக்க மாட்டாங்களே, அதுவும் நிஜம். பிரிட்டிஷ் டாக்குமென்டரிக்காரர் லூயி தெரூ 2015ல சைன்டாலஜிங்கிற அமெரிக்க மத அமைப்பு பத்தி படம் எடுத்தார், அந்த அமைப்போட தலைமை பேட்டி குடுக்கவே இல்ல. அவர் பொய் சொல்லி உள்ள போகல. நடிகர்கள வரவச்சு ஆடிஷன் வச்சு, உள்ள இருந்து வெளிய வந்தவங்க சொன்னத நடிக்க வச்சார். கேட்டுக்கு வெளிய இவர் கேமராவோட நிப்பார், அவங்க ஆளுங்களும் கேமராவ எடுத்துக்கிட்டு வந்து இவர படம் புடிப்பாங்க, ரெண்டு கேமராவும் ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டு நிக்கும். பேட்டியே இல்லாம அந்த அமைப்பு எப்படி நடந்துக்குதுன்னு முழுசா தெரிஞ்சிடும். பொய் சொல்லாமலும் எடுக்கலாம், கஷ்டம், அவ்வளவு தான்.

பழைய ரேடியோ

பொய் சொல்லித்தான் ஆகணும்ங்கிற இடமும் இருக்கு. மோசடிகள அம்பலப்படுத்தின மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி பத்தின 2014 படம் பாத்தவங்களுக்கு தெரியும். பீட்டர் பாப்பாஃப்னு ஒரு டிவி பிரசங்கி, கூட்டத்துல முன்ன பின்ன தெரியாதவங்க பேரு, வீட்டு விலாசம், வியாதி எல்லாம் கடவுள் சொன்ன மாதிரி சொல்லுவார். 1986ல ராண்டி ஆளுங்க ரேடியோ ஸ்கேனரோட உள்ள போயி 39.17 மெகாஹெர்ட்ஸ்ல கேட்டா, ஜனங்க எழுதிக்குடுத்த ஜெப அட்டைய அவர் மனைவி பாத்து பாத்து படிக்கிறாங்க, இவர் காதுல சின்ன இயர்பீஸ். அந்த ரெக்கார்டிங்க ஜானி கார்சன் ஷோவுல போட்டுக் காட்டினாங்க. அடுத்த வருஷமே பாப்பாஃப் திவால். கேன்சர் வந்தவன் மருந்த தூக்கி எறியிற கூட்டம் அது, அங்க போயி நான் யாருன்னு உண்மைய சொல்லிட்டு உக்காரணும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னும் வயித்தெரிச்சல் என்னன்னா அந்த ஆளு திரும்பி வந்துட்டார். அற்புத ஊத்து தண்ணின்னு டிவியில விளம்பரம் குடுத்து மறுபடியும் காசு. கையும் களவுமா புடிச்சு நாடே பாத்த அப்புறமும் ஜனங்க போனாங்க. மழைநாள்வாசி கேட்ட கேள்விக்கு எனக்கு தெரிஞ்சு கசப்பான பதில் இது தான், தந்திரத்தை காட்டினா போதாது, அவங்க எந்த வலியோட அங்க போறாங்களோ அதை எந்தப் படமும் தீர்க்கல.

ஓலைக்குடை

இத்தனை பதிவுல யாரும் குமாரே பத்தி சொல்லலையே? 2011ல வந்துச்சு, சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவுல ரசிகர்கள் ஓட்டு போட்டு குடுக்குற டாக்குமென்டரி விருது வாங்குச்சு. எடுத்தவர் விக்ரம் காந்தி, நியூஜெர்சியில வளந்தவர். குருக்கள் எல்லாம் டுபாக்கூர்னு காட்டணும்னு தான் ஆரம்பிச்சார். தாடி முடி வளத்து, காவி கட்டி, பாட்டி பேசுற மாதிரி இங்கிலீஷ் பேசி, அவரே இஷ்டத்துக்கு உருவாக்கின யோகாவோட அரிசோனாவுக்கு போயி ஃபீனிக்ஸ்ல குருவா உக்காந்துட்டார். சிஷ்யங்க வந்துட்டாங்க. நிஜமான கஷ்டத்தோட வந்தாங்க, கடன், விவாகரத்து, மரண தண்டனை கேஸ்ல வாதாடி தூக்கம் போன வக்கீல்னு.

படம் அங்க தான் திரும்பும். நான் நிஜம் இல்ல, நான் ஒரு மாயை, உன் குரு உனக்குள்ளயே இருக்கார்னு அவர் வாய்விட்டே சொல்லுவார், அவங்க அதையும் உபதேசமா எடுத்துக்குவாங்க. அதைவிட பெருசு, அவங்க வாழ்க்கை நிஜமாவே சரியாக ஆரம்பிக்கும், அவருக்கு இவங்க மேல பாசம் வந்துடும். ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உண்மைய சொல்லணும்னு ஏற்பாடு, சொல்ல வாய் வராது, சொல்லாமலே கிளம்பிடுவார். அப்புறம் தாடிய எடுத்துட்டு சொந்த குரல்ல வந்து நின்னு சொல்லுவார். சில பேர் எந்திரிச்சு போயிட்டாங்க, நிறைய பேர் கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க. யாரைக் கிண்டல் பண்ண போனோமோ அவங்க முன்னாடி நின்னு அவரே நடுங்குறார் பாருங்க, அதுல தான் எனக்கு அந்தப் படம் மேல மரியாதை. மார் எந்த இடத்துலயும் நடுங்கல. கடைசிப் போர் நடக்கும்னு பைபிள் சொல்ற மெகிதோவுல நின்னுக்கிட்டு உலகம் அழியும்னு அவரே ஒரு பிரசங்கம் பண்ணிட்டு முடிச்சிடுவார்.

தூரதேசி

பாதி ஒத்துக்குறேன், பாதி இல்ல. அந்த சிஷ்யங்க சொன்ன ரகசியம் எல்லாம் கேமராவுல இருக்கு. குருன்னு நம்பி அழுதது. பாசம் வந்துச்சுங்கிறதுக்காக அது சரியாகிடுமா? பாப்பாஃப் கூட்டத்துல பொய் சொன்னது திருடன புடிக்க. இங்க பொய் சொன்னது நல்லவங்க கிட்ட.

ஓலைக்குடை

இல்ல, சரியாகாது. அதுக்கு என்கிட்ட பதில் இல்லங்க.

நீலப்பூ

2019ல வந்த ஹெயில் சேட்டன் படத்தையும் சேத்துக்கோங்க, பென்னி லேன் எடுத்தது. ஆர்கன்சா சட்டசபை வளாகத்துல பத்து கட்டளை கல்வெட்டு வச்சாங்க, சேட்டனிக் டெம்பிள்ங்கிற அமைப்பு அப்படின்னா எங்க பேஃபோமெட் சிலையையும் பக்கத்துல வைங்கன்னு 8.5 அடி வெண்கல ஆட்டுத்தலை சிலையோட வந்து நின்னாங்க. அவங்க சாத்தான கும்பிடுறவங்க இல்ல, எந்த கடவுளையும் நம்பாதவங்க. பொது இடத்துல ஒரு மதத்துக்கு இடம் குடுத்தா எல்லாத்துக்கும் குடுங்கிறது தான் வாதம். அமெரிக்காவுல அந்த மாதிரி கல்வெட்டு பரவினதுக்கு 1956ல வந்த பத்து கட்டளை சினிமாவோட விளம்பரமும் ஒரு காரணம்ங்கிறதையும் அதுல காட்டுவாங்க, எனக்கு தலை சுத்திடுச்சு. இதுல யாரோட ஜெபத்தையும் கெடுக்கல, கிண்டல் நேரா அரசாங்கத்தோட வாசல்ல போயி நிக்குது. என்னை மாதிரி பயந்து வளந்தவங்க அந்த அமைப்புல நிறைய பேர் இருக்காங்க, அவங்க பேசுறத கேட்டப்ப கூடப் பொறந்தவங்க பேசுற மாதிரி இருந்துச்சு.

மழைநாள்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நேத்து அம்மாகூட குமாரே பாத்தேன்.

சொல்ல முடியாம அவர் திரும்பிப் போற இடத்துல அம்மா ரிமோட்ட வாங்கி நிறுத்திட்டாங்க. "அப்படியே போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். படம் முடிஞ்ச அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம், எங்க சர்ச்ல முன்ன ஒருத்தர் வந்து சுகமளிக்கிற கூட்டம் நடத்தினது, அம்மா வளையலை கழட்டி காணிக்கையில போட்டது, அது தப்புன்னு அவங்களுக்கே அப்பவே தோணினது, அப்பாகிட்ட தொலைஞ்சு போச்சுன்னு சொன்னது. இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட சொன்னதே இல்ல. ராத்திரி வழக்கம் போல ஜெபம் பண்ணிட்டு தான் படுத்தாங்க. நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

பிரசங்கிங்களப் பத்தி வேற படம் இருந்தா பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, எது காட்டலாம்?

கிணத்தடி

மார்ஜோ காட்டுங்க. 1972ல வந்தது, சிறந்த டாக்குமென்டரி ஆஸ்கார் வாங்கின படம். மார்ஜோ கோர்ட்னர் நாலு வயசுல பிரசங்கியா பட்டம் வாங்கின பையன், வளந்த அப்புறம் நம்பிக்கையே இல்லாம காசுக்காக ஊழியம் பண்ணவர், விட்டுட்டு போறதுக்கு முன்னாடி கடைசி சுற்றுப்பயணத்துல கேமராவ கூடவே கூட்டிட்டு போயி, மேடையில நடக்குறது என்ன, ஹோட்டல் ரூம்ல நடக்குறது என்னன்னு அவரே காட்டுவார். சர்ச்சுக்கு போற நான் மூணு தடவை பாத்திருக்கேன், எங்க வாலிபர் கூட்டத்துலயும் போட்டுக் காட்டியிருக்கேன்.

ஒன்னு மட்டும் அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. பிரசங்கம் மனப்பாடம் ஆகலன்னா அடிச்சா தழும்பு தெரியும்னு, அவரோட அம்மா தண்ணிக்குள்ள தலைய அமுக்குவாங்க, தலகாணிய முகத்துல வச்சு அழுத்துவாங்கன்னு அவர் சாதாரணமா சொல்லிக்கிட்டே போவார். எதிர்பாக்காம அந்த இடம் வந்தா தாங்காது.

மழைநாள்வாசி

சொல்லிடுறேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச் முடிஞ்சு வந்ததும் போடுறேன்.